படம் சொல்வது மெய்தானா?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். லண்டனில் சோனி உலகப் புகைப்பட விருது விழா நடந்துகொண்டிருந்தது. படைப்பாக்கப் பிரிவில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சனின் படம் தேர்வு பெற்றிருந்தது. இரண்டு பெண்கள், ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றவர், பழைய குடும்பப் படம் போன்ற கறுப்பு வெள்ளைச் சாயல். மேடையேறிய எல்டாக்சன் பரிசைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தப் பெண்கள் இருவரும் உலகில் எங்கும் வாழ்ந்தவர்கள் அல்லர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் உருவாக்கிய படம் அது. இத்தகைய படமும் கேமராவில் எடுத்த படமும் ஒரே போட்டியில் மோதக்கூடாது என்பதை உணர்த்தவே அதனை அனுப்பியதாக அவர் கூறினார்.

அடுத்த ஆண்டே கதை தலைகீழாக நடந்தது. ‘1839 விருது’ என்னும் போட்டியில் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக் கலைஞர் அப்பிரிவுக்கு ஒரு பூநாரையின் படத்தை அனுப்பினார். இளஞ்சிவப்பு உடல், மெல்லிய இரு கால்கள், ஆனால் தலையைக் காணவில்லை. நடுவர்கள் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். மக்கள் வாக்கெடுப்பிலும் அதுவே வென்றது. பிறகுதான் கலைஞர் உண்மையைச் சொன்னார். அரூபா தீவின் கடற்கரையில் வயிற்றைச் சொறிந்துகொள்ளக் குனிந்த உயிருள்ள பறவை அது. தலை உடலுக்குப் பின்னே மறைந்திருந்தது, அவ்வளவுதான். உண்மையான படம் என்பதால் அதன் பரிசு திரும்பப் பெறப்பட்டது.

பொய்ப்படத்தை மெய் என்று நம்புவது ஓர் ஆபத்து. மெய்ப்படத்தைப் பொய் என்று தள்ளுவது அதற்குக் குறைந்த ஆபத்து அன்று. மழைக்காலத்தில் கிளந்தானில் ஒரு பாலம் உடைந்துவிட்டதாகப் புலனக் குழுவில் ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் பொய்யாக இருந்தால், அதை நம்பியவர் தம் தாயாரைப் பார்க்கச் செல்லும் பயணத்தை வீணே நிறுத்திவிடுவார். படம் மெய்யாக இருந்து, “இதெல்லாம் கணினி செய்த வேலை” என்று ஒருவர் புறப்பட்டுவிட்டால், அவர் வெள்ளத்தில் சிக்கிக்கொள்வார். ஆகவே எதையும் நம்பாமல் இருப்பதும் பாதுகாப்பான வழி அன்று. கேமரா எப்படிப் படத்தை உருவாக்குகிறது, எந்த இடத்தில் மனிதனின் கை அதில் நுழைகிறது என்பதை அறிந்தவருக்கே ஓரளவேனும் பிரித்துப் பார்க்க இயலும்.

போட்டியின் பெயரில் உள்ள 1839, புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் லூயி தாகேர் கண்டுபிடித்த முறை அவ்வாண்டு ஆகஸ்டில் பாரிஸில் வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் பதப்படுத்தி, கேமராவுக்குள் வைத்து ஒளி படச் செய்வார்கள். பின்னர்ப் பாதரச ஆவியில் காட்டினால் உருவம் தகட்டில் தெளியும். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தத் தகட்டில் காட்சி பெரும்பாலும் இடவலம் மாறியே பதிந்திருக்கும்.

இந்த அதிசயம் நம் வட்டாரத்துக்கு வரவும் வெகுகாலம் ஆகவில்லை. மலாக்காவில் பிறந்து, சிறு வயதில் தமிழும் பயின்ற முன்ஷி அப்துல்லா, 1849இல் வெளிவந்த ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் தன்வரலாற்று நூலில், சிங்கப்பூர் நகரின் காட்சி தகட்டில் பதிந்திருந்ததைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். 1844இல் சிங்கப்பூருக்கு வந்த பிரெஞ்சுச் சுங்கத்துறை அதிகாரி ஜூல் இத்தியே எடுத்த தகட்டுப் படம் இன்றும் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளது. தூரிகை தொடாமல், ஓவியர் இல்லாமல், ஒளியே வரைந்த படம்! அது பொய் சொல்லும் என்று அக்காலத்தில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆயினும் தாகேர் 1838இல் எடுத்த ஒரு படத்தை உற்றுப் பார்த்தால் ஐயம் தொடங்கிவிடும். பாரிஸின் அகன்ற வீதி ஒன்றை மாடியிலிருந்து எடுத்த படம் அது. வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த வீதி, படத்தில் ஆளரவமற்றுக் கிடக்கிறது. யாரும் எதையும் அழிக்கவில்லை. தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அதற்குள் நடந்து சென்றவர்களும் ஓடிய வண்டிகளும் சுவடின்றி மறைந்துவிட்டார்கள். வீதியோரத்தில் நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் அசையாமல் இருந்ததால் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் என்று அவரைச் சொல்வது வழக்கம். கேமரா பொய் சொல்லவில்லை, கண் கண்டதையும் அது சொல்லவில்லை.

வேண்டுமென்றே பொய் சொன்ன படத்துக்கும் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தாகேரைப் போலவே தனி முறை ஒன்றைக் கண்டுபிடித்த இப்போலித் பயார், அரசு தம்மைப் புறக்கணித்துவிட்டதாக வருந்தினார். 1840இல் அவர், நீரில் மூழ்கி இறந்தவரைப்போல் கண்களை மூடிச் சாய்ந்தமர்ந்து தம்மையே படமெடுத்துக்கொண்டார். மனமுடைந்து இறந்துபோனவரின் உடல் இது என்று படத்தின் பின்புறத்தில் எழுதியும் வைத்தார். அதன் பின்னர் பல ஆண்டுகள் அவர் நலமாக வாழ்ந்தார்! இந்தப் படத்தில் ஒட்டுவேலை ஒன்றும் இல்லை. பொய் முழுவதும் நடிப்பிலும் பின்புற எழுத்திலும் இருந்தது.

அதைவிடப் புகழ்பெற்ற ஏமாற்று 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் நடந்தது. எல்சிக்கு வயது 16, அவருடைய உறவுக்காரச் சிறுமி பிரான்சஸுக்கு 9. எல்சியின் தந்தையுடைய கேமராவை வாங்கிச் சென்று, ஓடைக்கரையில் சிறகு முளைத்த தேவதைகள் நடனமாடும் படத்தோடு இருவரும் திரும்பினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே அதை நம்பி, 1920இல் ஓர் இதழில் கட்டுரை எழுதிவிட்டார். துப்பறியும் கதைகளின் பேராசிரியரைச் சிறுமியர் இருவர் ஏமாற்றிவிட்டனர். தாளில் வரைந்து, கத்தரித்து, தொப்பி ஊசியால் செடியில் குத்தி நிறுத்திய பொம்மைகளே அந்தத் தேவதைகள் என்பதை இருவரும் 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள். கோனன் டாயிலுக்கு ஆவியுலகில் நம்பிக்கை மிகுதி. காண விரும்பியதையே அவர் படத்தில் கண்டார். இன்றும் பொய்ப்படங்கள் வேகமாகப் பரவுவதற்கு இதுவே முதற்காரணம். தொழில்நுட்பம் இரண்டாவது காரணம்தான்.

அந்தத் தொழில்நுட்பத்தின் திருப்புமுனை 1975இல் நிகழ்ந்தது. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படச்சுருள் இல்லாத கேமரா ஒன்றை உருவாக்கினார். எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தில் 10,000 புள்ளிகள் மட்டுமே, அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. இன்றைய கைப்பேசிப் படத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருப்பதை எண்ணினால் சிரிப்பு வரலாம். ஆனால் அன்று நடந்தது சிறிய மாற்றம் அன்று. ஒளி எண்ணாக மாறியது. எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், மாற்றி எழுதலாம்.

1982 பிப்ரவரியில் வெளிவந்த நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் இருந்தன. அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குவதற்காகக் கணினியின் துணையோடு ஒரு பிரமிடு மற்றொன்றுக்கு அருகில் நகர்த்தப்பட்டிருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாத கட்டடம் அச்சகத்தில் அசைந்துவிட்டது என்று கேலியும் கண்டனமும் எழுந்தன. அன்று அதற்குப் பெரிய நிறுவனமும் விலையுயர்ந்த கருவியும் தேவைப்பட்டன. இன்று அதே வேலையை உணவுக்கடையில் தே தாரேக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு மாணவரால் கைப்பேசியிலேயே செய்துவிட முடியும்.

கைப்பேசி தானாகச் செய்யும் வேலையோ அதைவிட அதிகம். பெரும்பாலான கேமராக்களின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கும். மற்ற இரு நிறங்களும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுபவை. இரவில் படம் எடுக்கும்போது கைப்பேசி ஒரே படத்தை எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டை வெளுக்கச் செய்கிறது. ஆளுக்குப் பின்னே தெரியும் மங்கலான பின்னணியும் பெரும்பாலும் வில்லை தந்தது அன்று, கணக்கீடு தந்தது.

2023 அக்டோபரில் கூகுள் வெளியிட்ட பிக்சல் 8 கைப்பேசியில் இன்னொரு வசதியும் வந்தது. குழுப்படத்தைச் சில முறை எடுத்தால், ஒருவர் கண்மூடிய முகத்தை நீக்கி, வேறு படத்தில் அவர் சிரித்த முகத்தை அங்கே பொருத்திவிடலாம். வகுப்புப் படத்தில் முப்பது பேரும் ஒரே கணத்தில் அழகாகச் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு கணம் நிகழவே இல்லை. இது குற்றமா? வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு யாரும் வழக்குத் தொடுக்கப்போவதில்லை. பள்ளி ஆண்டிதழில் வெளியிடும் ஆசிரியர் குழு சற்றுச் சிந்திக்க வேண்டும். அதே படம் ஒரு விபத்துக்கோ சண்டைக்கோ சான்றாகக் கொடுக்கப்பட்டால், அதை ஏற்க இயலாது. எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்தே எல்லைக்கோடு அமைகிறது.

செய்திப் புகைப்படத் துறை அந்தக் கோட்டை மிக இறுக்கமாக வரைந்துள்ளது. ஓரங்களை வெட்டலாம், ஒளியையும் நிறத்தையும் அளவோடு சீராக்கலாம். இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. உலகச் செய்திப் புகைப்படப் போட்டி, பரிசுக்கு நெருங்கும் படங்களின் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2015இல் அப்போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சோதனையில் விலக்கப்பட்டது. அதே ஆண்டு, பெல்ஜியத்தின் சார்லெருவா நகரைப் பற்றிய படத்தொகுப்பு ஒன்று முதற்பரிசை இழந்தது. ஒரு புள்ளிகூட மாற்றப்படவில்லை. தொகுப்பிலிருந்த ஒரு படம் சார்லெருவாவில் அன்றி பிரசெல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டிருந்தது. விளக்கக் குறிப்பு பொய்யானால் படமும் பொய்யாகிவிடுகிறது என்பதே தீர்ப்பு.

கணினியின் தலையீடே இல்லாமல், குறிப்பும் சரியாக இருந்தும், படம் ஒருவரைத் தவறாக எண்ணச் செய்யக்கூடும். தைப்பூச நாளில் பத்துமலையின் 272 படிகளை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். தொலைவில் நின்று, தொலைநோக்கு வில்லையால் எடுத்தால், மேலுள்ள படியும் கீழுள்ள படியும் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் தெரியும். காவடி ஏந்திய பக்தர்கள் இடைவெளியே இன்றி நெருக்கியடிப்பதாகத் தோன்றும். கூட்டத்துக்கு அருகே சென்று அகன்ற கோண வில்லையால் எடுத்தால், அதே கூட்டத்தில் நடக்க நிறைய இடம் இருப்பதுபோல் காணப்படும். இரண்டும் ஒரே நிமிடத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். 2020 ஏப்ரலில், கோவிட் காலத்தில், டென்மார்க்கின் புகைப்படக் கலைஞர்கள் இருவர் ஒரே காட்சியை இவ்வாறு இரண்டு விதமாக எடுத்து மக்களுக்குக் காட்டினார்கள். “சமூக இடைவெளியை யாரும் பின்பற்றவில்லை” என்று படத்தைப் பார்த்துத் திட்டியவர்கள் இரண்டாவது படத்தைப் பார்த்து வாயடைத்துப் போயிருப்பார்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான் கேமரா நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழியை முயன்றுவருகின்றன. 2021இல் அடோபி, மைக்ரோசாப்ட், பிபிசி முதலியவை கூடிப் படங்களின் பிறப்பிடத்தைப் பதிவுசெய்யும் பொதுத் தரத்தை உருவாக்கத் தொடங்கின. அந்த ஏற்பாட்டை உள்ளேயே கொண்ட முதல் கேமராவாக லைக்கா எம்11-பி 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. விசையை அழுத்தியவுடன், படத்தின் எண்களிலிருந்து ஒரு சுருக்கக் குறியீடு கணக்கிடப்படுகிறது. கேமராவுக்குள் பூட்டிவைக்கப்பட்ட இரகசியச் சாவியால் அந்தக் குறியீட்டுக்கு மின்னியல் கையொப்பம் இடப்படுகிறது. பின்னர் யாரேனும் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் குறியீடு பொருந்தாது. அஞ்சல் உறையின்மீது வைக்கும் அரக்கு முத்திரையைப் போன்றது இது. உறை பிரிக்கப்பட்டதா என்பதை முத்திரை காட்டும். உள்ளே இருக்கும் கடிதம் உண்மை பேசுகிறதா என்பதைக் காட்டாது.

முத்திரையிலும் ஓட்டை விழலாம் என்பதை 2025இல் நிக்கான் நிறுவனம் அறிந்துகொண்டது. அதன் ஒரு கேமராவில், ஒரு படத்தின்மேல் மற்றொன்றைப் பதியும் வசதியைப் பயன்படுத்தி, அந்தக் கேமரா எடுக்காத படத்துக்கும் கையொப்பம் பெற்றுவிட முடியும் என்று ஒரு பயனர் செய்து காட்டினார். நிறுவனம் சேவையை நிறுத்தி, வழங்கிய சான்றிதழ்களை இரத்துச் செய்தது. மேலும், திரையைப் படம்பிடித்து அனுப்பினாலே முத்திரை காணாமற்போய்விடும். சில சமூக ஊடகங்களில் பதிவேற்றும்போதும் அது கழன்றுவிடுகிறது. முத்திரை இல்லாத படமெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பாட்டியின் திருமணப் படத்துக்கு எந்தக் கேமரா கையொப்பமிட்டது?

ஆகவே, கருவியை மட்டும் நம்பாமல் பார்ப்பவரும் சிறிது வேலை செய்யத்தான் வேண்டும். ஐயத்துக்குரிய படம் கிடைத்தால், தேடுபொறியில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடலாம். நேற்றைய வெள்ளம் என்று வந்த படம் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் எடுக்கப்பட்டது என்பது பலமுறை இந்த ஒரு தேடலிலேயே தெரிந்துவிடும். அதோடு, ஒரே நிகழ்வை வேறு கோணத்திலிருந்து எடுத்த படம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பாலம் உண்மையாகவே உடைந்திருந்தால் ஒருவர் மட்டும் படம் எடுத்திருக்கமாட்டார். விரல்களை எண்ணுவது, கடைப்பலகையில் உள்ள எழுத்துகளை வாசிப்பது போன்ற உத்திகள் முன்பு உதவின. செயற்கை நுண்ணறிவு அந்தத் தவறுகளை வேகமாகத் திருத்திக்கொண்டு வருவதால் அவற்றை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை.

படம் எடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. இணைப்பாடக் கழகத்துக்காகவோ பள்ளி இதழுக்காகவோ படம் எடுக்கும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது மிக எளிது: வில்லையைச் சட்டைத் துணியில் தேய்க்காமல் மென்துணியால் துடைப்பது. கைப்பேசிப் படங்கள் மங்கலாவதற்கு விரல் பிசுக்குதான் பல நேரங்களில் காரணம். அடுத்தது ஒளி. நண்பகல் வெயிலில் கண்குழியில் கறுப்பு நிழல் விழும். காலை எட்டு மணி வெயிலோ மாலை ஆறு மணி வெயிலோ முகத்தில் சாய்வாகவும் மென்மையாகவும் படியும். திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட நான்கடி முன்னே நடப்பது நல்லது. விரித்தால் பெரும்பாலும் கைப்பேசி இருக்கும் புள்ளிகளை இழுத்து இடையில் ஊகித்து நிரப்பும், நடந்தால் உண்மையான விவரம் கிடைக்கும். நிறைய எடுக்கலாம், ஆனால் பொறுத்திருந்து எடுப்பதே பலன் தரும். பரிசு வாங்கும் கையைவிட, பரிசு வாங்கித் திரும்பும் மாணவனைப் பார்த்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய் கண் துடைக்கும் காட்சி சிறந்த படமாகலாம். அதற்கு மேடையிலிருந்து பார்வையைத் திருப்ப வேண்டும். அந்தத் தாய் விரும்பாவிட்டால் படத்தை வெளியிடவும் கூடாது.

திருத்தும்போது மூலப்படத்தை அழிக்காமல் தனியே சேமித்துவைக்க வேண்டும். பின்னர் யாரேனும் கேட்டால் காட்டுவதற்கு அதுவே சான்று. எடுத்த அன்றே இடம், நாள், படத்தில் இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதிவைப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். இதைத்தான் பெரும்பாலோர் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள். பாரிஸ் வீதியோரத்தில் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்ட அந்த மனிதரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. அவர் காலடியில் குனிந்து மெருகு போட்டவரின் உருவமோ பாதி கரைந்துபோய், உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது.